பந்து எறிஞ்சா மட்டும் காணுமோ? பிளட்டுக்குள்ள ஷிட்சூ குட்டியோட விளையாடுறது

கேள்வி, 11 பெப்ரவரி 2024

வணக்கம். எங்கட வீட்ட ஷிட்சூ குட்டி வந்து ரெண்டு கிழமை, இப்ப 11 கிழமை வயசு. பம்பலப்பிட்டியில நாலாம் மாடி, முத்தம் இல்லை. பின்னேரம் ஆறரை ஏழு மணியானா பேய் பிடிச்ச மாதிரி ஓடுது, இவற்ற சாரத்தைக் கடிச்சு இழுக்குது, மகன்ர காலைக் கடிக்குது. பந்தை எறிஞ்சு எறிஞ்சு ஓட விட்டுக் களைக்கப் பண்ணினா சரியாயிடும் எண்டு கொஞ்சப் பேர் சொல்லினம். இன்னும் கொஞ்சப் பேர் இது மடியில வச்சிருக்கிற நாய்தானே, விளையாட்டொண்டும் தேவையில்ல எண்டினம். எது சரி?

11 பெப்ரவரி, இரவு

ரெண்டு கதையும் பிழை தங்கச்சி. மடியில வச்சிருக்கிற நாய் எண்டு சொல்லுறவை அது ஏன் மடிக்கு வந்தது எண்டு யோசிக்கிறேல்ல. சீனாவில அரண்மனைக்குள்ள ஆக்களோட இருக்கிறதுக்கெண்டே வளத்த சாதி அது, பேருக்கே சிங்க நாய் எண்டுதான் அர்த்தம், ஆடு மேய்க்கிறதோ வேட்டையோ ஒண்டும் இல்ல, ஆக்களோட ஒட்டிக்கொண்டு திரியிறதுதான் அதின்ர வேலை. அப்ப அதுக்கு ஆள் இல்லாத விளையாட்டு விளையாட்டே இல்ல. நீங்கள் பத்துப் பொம்மை வாங்கிப் போட்டுட்டு சோபாவில போனோட இருந்தா அது பத்தையும் விட்டுட்டு உங்கட காலுக்குத்தான் வரும்.

எங்கட வீட்டு ஷிட்சூ தொதலுக்கு இப்ப ரெண்டரை வயசு. வெள்ளவத்தையில ரெண்டாம் மாடி. தொதல் இனிப்பின்ர நிறம் எண்டு பாத்து அம்மா வச்ச பேர். அவளோட பட்டதை வச்சுத்தான் சொல்றன்.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கோ. விடியச் சாப்பாட்டைக் கோப்பையில போடாதேங்கோ. பழைய துவாய் ஒண்டை நிலத்தில விரிச்சு டொக் பூட்டை அதில தூவி, தளர்வாச் சுருட்டி வையுங்கோ, நீங்களும் பக்கத்தில நிலத்தில இருங்கோ. மூக்கால தள்ளித் தள்ளி விரிச்சுச் சாப்பிடும். பத்து நிமிசம் எடுக்கும். முடிய என்ன செய்யுது எண்டு பாருங்கோ, அநேகமாப் படுத்திடும். பந்தும் எறியலாம், ஆனா அஞ்சு ஆறு தரம், அதோட நிப்பாட்டுங்கோ.

12 பெப்ரவரி

அஞ்சு ஆறு தரம் எறியலாம் எண்டு நேத்து லேசா எழுதிட்டன். படுத்துக்கிடந்து யோசிச்சா அது காணாது, முழுக்கச் சொல்லத்தான் வேணும்.

2022 மார்ச் கடைசி. கறண்ட் பத்து மணித்தியாலம் அதுக்கும் மேல எண்டு வெட்டின நாள்கள். வீட்டுக்குள்ள ஃபேன் இல்லாமல் வேகுது, தொதலுக்கு ஏழு மாசம், சுவரெல்லாம் பிராண்டிக்கொண்டு நிண்டவள். பாவம், அடைஞ்சு கிடக்குது எண்டு நினைச்சு நாலரை மணிக்கு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனனான். கடல் காத்து அடிச்சது, வெயிலும் சாஞ்சிட்டுது, அதால பயப்படேல்ல. பந்து எறிஞ்சன், ஓடி எடுத்தவள், திரும்ப எறிஞ்சன். அவளுக்கு நிப்பாட்டத் தெரியேல்ல. எனக்கு முன்னால நிண்டு வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் எறி இன்னும் எறி எண்டு கேக்கேக்க அவளுக்கு ஏலும் எண்டுதான் நானும் நினைச்சன். ஒரு பதினைஞ்சு நிமிசம் இருக்கும். பிறகு மூச்சு ஒரு கரகரத்த சத்தமா வரத் தொடங்கிட்டுது, நாக்கு கருஞ்சிவப்பு, பின்னங்கால் ரெண்டும் தள்ளாடுது.

தூக்கிக்கொண்டு கீழ ஓடினனான். கறண்ட் இல்லாததால ஃபேன் இல்லை, பம்ப் இல்லாததால பைப்பில தண்ணியும் இல்லை. அம்மா வாளியில பிடிச்சு வச்ச தண்ணியை வயித்துக்கும் காலுக்கும் கழுத்துக்கும் ஊத்த ஊத்த, நான் அம்மான்ர பனையோலை விசிறியால விசிறினனான், கை விட்டுப்போற மாதிரி. ஓட்டோக்காரத் தம்பிக்குப் பெற்றோல் இல்லை, பெற்றோலுக்கு லைன்ல நிக்கிறார். கடைசியில கீழ் வீட்டு அண்ணா தன்ர மோட்டச்சைக்கிள்ல ஏத்தினவர், ஈரத் துவாயில சுத்தி மடியில வச்சுக்கொண்டு போனன். தண்ணி ஊத்தி விசிறிப்போட்டு வெளிக்கிட்டதாலதான் பிழைச்சது, குளிர வைக்காமல் அப்பிடியே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தா வேற கதை எண்டு டொக்டர் சொன்னவர். அண்டைக்கிரவு முழுக்க அவள்ர நெஞ்சில கை வச்சபடிதான் கிடந்தனான்.

அதுக்குப் பிறகு நான் அவளுக்குப் பந்து எறியிறதெண்டா வீட்டுக்குள்ள, பாய்க்கு மேல, மூண்டே மூண்டு தரம், அதுவும் உருட்டி விடுறதுதான்.

12 பெப்ரவரி, பின்னேரம்

மேல ஒரு அண்ணா கேட்டிருக்கிறார், கொழும்பில அப்பிடி என்ன சூடு, 31 பாகைதானே எண்டு. சூடு மட்டும் இல்ல அண்ணா. நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்கிறேல்ல, வாயால இளைச்சு ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியில விடுது. எங்கட காத்து ஏற்கனவே ஈரம், காயப்போட்ட உடுப்பே காயாத ஊர், அதுக்குள்ள நாய்ன்ர நாக்கு எப்பிடிக் காயும்? இதோட ஷிட்சூ, பக், பெக்கினீஸ் மாதிரி மூக்குக் கட்டையான சாதியளுக்கு உள்ள காத்துப் போற வழியே ஒடுக்கம். லாப்ரடோர் தாங்கிற 31 இதுக்குத் தாங்காது. சாதாரணமா நாய்க்கு உடம்புச் சூடு 38இல இருந்து 39க்குக் கொஞ்சம் மேல வரை இருக்கும், அது 41க்கு ஏறினா உயிருக்கே ஆபத்து. இடையில இருக்கிறது ரெண்டே ரெண்டு பாகை.

நடக்கக் கூட்டிக்கொண்டு போறதெண்டா விடிய ஆறரைக்கு முன்னம், இல்லாட்டி பொழுதுபட்டாப் பிறகு. றோட்டில புறங்கையை ஒரு ஏழு செக்கன் வச்சுப் பாருங்கோ, உங்களுக்குப் பொறுக்காட்டி அதின்ர பாதத்துக்கும் பொறுக்காது.

14 பெப்ரவரி

ஆறரை மணிப் பேய் எண்டு கேட்டதுக்கு இன்னும் மறுமொழி சொல்லேல்ல. தங்கச்சி, அது நித்திரை. இந்த வயசுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 18, 20 மணித்தியாலம் நித்திரை வேணும். உங்கட மகன் பள்ளிக்கூடத்தால ரெண்டு மணிக்கு வந்து ஏழு மணி வரைக்கும் அதைத் தூக்கிறதும் கூப்பிடுறதுமா இருந்திருப்பார், எங்கட வீட்ட அண்ணான்ர பெட்டை அப்பிடித்தான். நித்திரை காணாத பிள்ளை எரிச்சல்ல அழுமெல்லோ, குட்டிக்கு அழத் தெரியாது, கடிக்கும். அந்த நேரத்தில நீங்கள் பந்தும் எறிஞ்சா எரியிற நெருப்பில எண்ணெய்.

நாங்கள் செய்தது, மூண்டு மணிக்கு அறைக்கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டு, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, ஒருத்தரும் உள்ள போகாமல் விட்டது. முதல் ரெண்டு நாள் சிணுங்கினவள், மூண்டாம் நாள் ரெண்டு மணித்தியாலம் அடிச்சுப்போட்ட மாதிரிக் கிடந்தவள். பிள்ளைக்கும் விளங்கப்படுத்தினம், பேபி படுத்திருக்கிறா எண்டு. இப்பவும் அந்தப் பிள்ளை மூண்டு மணிக்குக் குசுகுசுத்துத்தான் கதைக்கும்.

இன்னொண்டு. மூண்டு நாலு மாசம் வரைக்கும் இந்தச் சின்னச் சாதிக் குட்டியளைச் சாப்பிடாமல் கனநேரம் விளையாட விடக் கூடாது, இரத்தத்தில சீனி சட்டெண்டு இறங்கிடும். சோர்ந்து தள்ளாடினா முரசில கொஞ்சம் தேனோ குளுக்கோஸோ தடவிப்போட்டு உடன டொக்டரிட்டக் கொண்டு போங்கோ. நாளுக்கு நாலு தரம் பிரிச்சுக் குடுங்கோ, அந்த நாலையும் துவாயில சுருட்டிக் குடுத்தா அதுவே நாலு விளையாட்டு.

17 பெப்ரவரி

துவாய் வேலை செய்தது எண்டு எழுதியிருக்கிறீங்கள், ரெண்டு நாள்ல அலுத்துப்போச்சாம். அலுக்கும். அப்ப சிரட்டை.

இது எங்கட அம்மான்ர கண்டுபிடிப்பு, எனக்கு இதைவிடப் பிடிச்ச விளையாட்டு இல்ல. தேங்காய் துருவின சிரட்டை மூண்டு எடுங்கோ, கண் இல்லாத பாதி. வெளித் தும்பை வழிச்சு, விளிம்பை அரத்தாள் போட்டு வழுவழுப்பாத் தேயுங்கோ, கை விரலை ஓட்டினா கீறக் கூடாது. முதல் நாள் ஒரே ஒரு சிரட்டை. அது பாத்துக்கொண்டிருக்கேக்க ஒரு துண்டு அவிச்ச கோழியைக் கீழ வச்சு மூடுங்கோ. மூக்கால தள்ளும், காலால தட்டும், கவிழ்ந்தோண்ண அதுக்கே ஒரு ஆச்சரியம். நாலு தரம் செய்தாக் காணும். அடுத்த நாள் ரெண்டு சிரட்டை, ஒண்டில மட்டும் இறைச்சி. பிறகு மூண்டு. பிறகு மெதுவா இடம் மாத்தி வையுங்கோ.

தொதல் முதல் முதல் மூண்டு சிரட்டை விளையாடின நாள் மூண்டையும் ஒரு வீச்சில தட்டிவிட்டுட்டுத்தான் சாப்பிட்டவள். ஒரு கிழமை அப்பிடித்தான். பிறகு ஒரு பின்னேரம் ஓடிவந்தவள் தட்டேல்ல, நிண்டு ஒவ்வொண்டா மணந்து பாத்தாள், முதலாவதை விட்டாள், ரெண்டாவதுக்குப் போனாள், திரும்ப முதலாவதுக்கு வந்தாள், பிறகு மூண்டாவதில மூக்கை வச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தாள். இதுதானே எண்டு கேட்டது மாதிரி. அம்மா குசினிக்குள்ள இருந்து பாத்துக்கொண்டு நிண்டவ, கண்ணைத் துடைச்சவ. அந்தப் பார்வைதான் நான் சொல்ல வாறது. ஓடிக் களைச்ச நாய்க்கும் யோசிச்சுக் களைச்ச நாய்க்கும் வித்தியாசம் இருக்கு, யோசிச்சுக் களைச்சது உங்கட பக்கத்தில வந்துதான் படுக்கும்.

எண்ணிக்கையைப் பெருப்பிக்காதேங்கோ. பத்து நிமிசத்துக்கு மேல வேண்டாம், அது இன்னும் கேக்கேக்கயே எடுத்து வச்சிடுங்கோ. விட்டுட்டுப் போகுமட்டும் விளையாடினா அடுத்த நாள் சிரட்டையைக் கண்டாத் திரும்பியும் பாராது.

18 பெப்ரவரி

ஓடிவந்து எழுதுறன். சிரட்டைக்குக் கீழ பிளம்ஸ் (கேக்குக்குப் போடுற காய்ஞ்ச திராட்சை) வச்சன் எண்டு ஒராள் போட்டிருக்கிறா. வேண்டாம்! காய்ஞ்ச முந்திரிகை, பழமா இருக்கிற முந்திரிகை (திராட்சை), ரெண்டுமே நாய்க்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எவ்வளவு திண்டா ஆபத்து எண்டு அளவு சொல்ல ஏலாது. ஏற்கனவே சாப்பிட்டிருந்தா வருத்தம் தெரியுமட்டும் பாத்துக்கொண்டிருக்காமல் இப்பவே டொக்டருக்கு அடியுங்கோ. சொக்லட், வெங்காயம், சைலிட்டோல் (சீனிக்குப் பதிலாப் போடுற இனிப்பு) போட்ட சுயிங்கமும் நாய்க்கு நஞ்சுதான். அவிச்ச கோழி, அவிச்ச வத்தாளங்கிழங்கு, கரட், பூசணிக்காய், உப்பும் தூளும் இல்லாமல், கடலையளவுத் துண்டு. அதுக்குத் துண்டு எவ்வளவு பெரிசு எண்டது முக்கியமில்ல, மணம்தான் பெரிசு.

20 பெப்ரவரி

கயிறு இழுக்கிறதைப் பற்றி ரெண்டு பேர் சண்டை பிடிக்கினம். நானும் முந்தி இழுத்து விளையாடினா முரட்டுக் குணம் வரும் எண்டு நம்பி, ஒரு வருசம் அந்தப் பக்கமே போகேல்ல. இப்ப அப்பிடி நினைக்கேல்ல. தொதல் இழுத்து விளையாடித்தான் விடு எண்டா விடப் பழகினவள். ஒரு கையில துவாய்த் துண்டு, மற்றக் கையில இறைச்சி, விட்டோண்ண இறைச்சி, உடன திரும்பவும் துவாய். விட்டாலும் விளையாட்டு முடியாது எண்டு விளங்கினாப் பிறகு சாரத்தையும் விடும், செருப்பையும் விடும். உங்கட வீட்டுச் சாரப் பிரச்சினைக்கு நல்ல மருந்து.

ஆனா குட்டின்ர தலையளவுக்கு மேல தூக்காதேங்கோ, பக்கவாட்டில உதறாதேங்கோ, கழுத்துச் சின்னன். பால்பல்லு 28, நாலு மாசமளவில விழத் தொடங்கும், ஆறு ஏழு மாசத்தில 42 பல்லு வந்திடும், அந்த இடைக்காலத்தில இழுவை இல்லை. அப்ப கரட்டைப் பிரிஜ்ஜில குளிர வச்சுக் கடிக்கக் குடுங்கோ, பக்கத்தில இருந்துகொண்டு. நூல் பிரிஞ்ச கயிறு, சொக்ஸ், ரிமோட்டுக்குப் போடுற சின்ன பற்றரி எல்லாம் எட்டாத இடத்தில.

25 பெப்ரவரி

13 கிழமை ஆச்செல்லோ. இதைக் கேளுங்கோ, மற்ற எல்லாத்தையும் விட அவசரம் இதுதான். குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏத்துக்கொள்ளுற காலம் மூண்டாம் கிழமையில தொடங்கி பதினாலாம் கிழமையளவில மூடத் தொடங்கிடும். தடுப்பூசி முடியுமட்டும் வீட்டுக்குள்ள வச்சிருங்கோ எண்டு சொல்லிச் சொல்லியே கனபேர் அந்தக் காலத்தைத் தவற விட்டிடுகினம். ஊசி 16 கிழமை வரைக்கும் போகும். பார்வோ எண்ட, குட்டியளுக்கு வாந்தியும் வயித்தோட்டமும் குடுத்து உயிரை எடுக்கிற கிருமி மண்ணில மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், அதால நிலத்தில விட ஏலாது, சரி. தூக்கிக்கொண்டு போகலாம்தானே!

நாங்கள் ஒரு துணிப்பையில வச்சு மரீன் டிரைவுக்குக் கொண்டுபோனனாங்கள். ரெயில் போகேக்க ஒரு துண்டு கோழி, ஓட்டோ ஹோன் அடிச்சா ஒரு துண்டு, பாண்காரன்ர பாட்டுக்கு ஒரு துண்டு, தொப்பி போட்ட ஐயாவுக்கு, குடைக்கு, பர்தா போட்ட அக்காவுக்கு, பள்ளிக்கூட வானால இறங்குற பிள்ளையளுக்கு. நாங்கள் இதை எண்ணிறது எண்டு சொல்லுவம், ஒரு பின்னேரத்துக்கு பத்துப் புதுச் சாமான், அதோட வீடு. பயந்து தலையை உள்ள இழுத்தா ஒரு பத்தடி பின்னால போறது, இழுத்துக்கொண்டு கிட்டப் போறேல்ல.

வெடிச் சத்தத்தை இப்பவே தொடங்குங்கோ. ஏப்ரல் 13, 14 புதுவருச வெடி வருது, அண்டைக்குத் தொடங்கினாச் சரிவராது. போனில வெடிச் சத்தத்தை மெல்லிசா, நீங்களே காதைத் தீட்டிக் கேக்கிற அளவுக்கு வச்சுக்கொண்டு துவாய் விளையாட்டு. நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு சொட்டுக் கூட்டுங்கோ. அக்கா கொம்பனித்தெருவில இருக்கிறா, நவம் பெரஹெரா எண்ட பௌத்த விகாரை ஊர்வலத்தின்ர மேளம் அவவின்ர வீட்டு யன்னல்ல அதிரும், தொதல் அதுக்குள்ள படுத்து நித்திரை கொள்ளுவாள். அக்கான்ர வீட்டுப் பொமரேனியன் கட்டிலுக்குக் கீழ நடுங்கும். ரெண்டும் நல்ல பிள்ளையள்தான், ஒண்டுக்கு அந்தக் காலத்தில ஒருத்தரும் சத்தம் பழக்கேல்ல.

3 மார்ச்

சீப்பையும் விளையாட்டாக்கலாமோ எண்டு கேட்டதுக்கு. ஆக்கத்தான் வேணும், இந்த முடியோட பதினைஞ்சு வருசம் சீவ வேணுமெல்லோ. சீப்பைக் காட்டுங்கோ, மணந்து பாத்தா டிரீட். முதுகில ஒருக்கா தொட்டா டிரீட். நாடியை உள்ளங்கையில வைக்கப் பழக்குங்கோ, வச்சிருக்குமட்டும் சீவுறது, எடுத்தா நிப்பாட்டுறது. தான் எடுத்தா நிக்கும் எண்டு தெரிஞ்ச குட்டி எடுக்கிறதைக் குறைச்சிடும், இதை நான் நம்பாமல்தான் தொடங்கினனான். கண்ணுக்கு மேல முடியை ரிபனால கட்டுங்கோ. கண் பெரிசு, வெளியில தள்ளி நிக்கிறது, கடற்கரை மண்ணும் பெரிய நாயின்ர நகமும் அதுக்கு எதிரி. கழுத்து இறுகினா அந்தக் கண்ணுக்கும் அழுத்தம், அதாலதான் கழுத்துப்பட்டி இல்லாமல் நெஞ்சுக்குப் போடுற ஹார்னஸ்.

9 மார்ச்

நேத்துச் சிவராத்திரி, வீடு முழுக்க முழிப்பு. ஒருத்தரும் படுக்காட்டி அவளும் படுக்க மாட்டாள், நாலு சாமமும் ஒவ்வொருத்தற்ற மடியா மாறி மாறி இருந்தாள். இண்டைக்கு விடிய என்ர சீலைத் தலைப்பைக் கடிச்சு இழுக்கிறாள், ரெண்டரை வயசில! போன மாசம் 14ஆம் திகதி எழுதினது ஞாபகம் வந்து அறையில விட்டுக் கதவைச் சாத்தினன், இன்னும் எழும்பேல்ல.

சிரட்டையில ஒரு திருத்தம். தும்பை வழிச்சாக் காணும் எண்டு எழுதினனான், காணாது. தேச்சுப்போட்டு ஒரு இரா ஊறவிட்டுக் கழுவிக் காய வையுங்கோ, இல்லாட்டி மிஞ்சிற நாரை நக்கி விழுங்கும். விளையாட்டு முடிய எடுத்து மேல வைக்கவும் வேணும், கடிச்சு உடைச்சா விளிம்பு கத்தி. டைல்ஸில சிரட்டை வழுக்கும், பின்னால ஓடுற குட்டியும் வழுக்கும், இந்தச் சாதிக்கு முழங்கால் சில்லு விலகிறது வழமை, அதால பாயில மட்டும்.

17 மார்ச்

உங்கட குறிப்பை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். மகன் அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட, குட்டி குசினி, பல்கனிக் கதவு, கட்டிலுக்குக் கீழ எல்லாம் தேடிக் கடைசியில சொக்ஸை மணந்து பிடிச்சதாம், ரெண்டு பேரும் நிலத்தில உருண்டு சிரிச்சவையாம். ஒளிச்சுப்பிடிச்சு நான் சொல்லித் தரேல்ல, நீங்களாக் கண்டுபிடிச்சது. கூப்பிட்டா வாறதையும் அதே விளையாட்டிலதான் அது பழகுது, பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒருநாளும் ஏசிப்போடாதேங்கோ. காலைக் கடிக்கிறது நாளுக்கு ஒருக்கா ரெண்டுதரம் எண்டு குறைஞ்சிட்டுது எண்டும் எழுதியிருக்கிறீங்கள், பல்லு விழ ஆரம்பிக்கக் கொஞ்சம் கூடும், பயப்படாதேங்கோ.

அரத்தாள் கிடைக்கேல்ல எண்டீங்கள். அம்மா மூண்டு சிரட்டை தேச்சு ஊறவிட்டுக் காய வச்சிருக்கிறா, பல்கனியில கிடக்குது. ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பிள்ளையையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து எடுங்கோ, கடைசி ஊசி போட்டு எத்தினை நாளுக்குப் பிறகு நிலத்தில விடலாம் எண்டு டொக்டரிட்டக் கேட்டுட்டு, இல்லாட்டி பையில வச்சுக் கொண்டு வாங்கோ. தொதலை நான் முதல்ல அறைக்குள்ள விட்டுட்டு, ரெண்டு பேரையும் கதவிடுக்கால மணக்க விடுவம்.